பழைய பத்திரம், தனித்தாள், ரசீது: வீட்டுக்கு எந்த ஸ்கேனர்?

அம்பை_ஆத்தங்கரை:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். வீட்டுக் காகிதம் மொத்தத்தையும் ஸ்கேன் எடுத்து வைக்கணும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம், ஆத்தங்கரை வீட்டில் எல்லாத்தையும் ஒரே டிரங்குப் பெட்டியில் பூட்டி வைக்க மனசு ஒப்பலை.

இருப்பது: நூல் போட்டுத் தைச்ச கிரையம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் எல்லாம் சேர்த்து 40 கட்டு. பெரும்பாலும் 1950-க்கு அப்புறம். செங்கோட்டைப் பக்கத்து நிலத்துக்கு உள்ளது மட்டும் அதுக்கும் முந்தினது. தனித்தாள் ஆயிரத்துக்கு மேல்: பட்டா, தீர்வை ரசீது, பென்ஷன் ஆர்டர், இன்சூரன்ஸ், பேங்க் கடிதம், லேப் ரிப்போர்ட். கூட பாஸ்புக், இ.பி. அட்டை, கொஞ்சம் போட்டோ.

விண்டோஸ் லேப்டாப்தான் இருக்கு. பட்ஜெட் 15,000. தாளைத் தானே இழுத்துக்கிடுத ஏடிஎஃப் உள்ளது வாங்கவா, கண்ணாடியில் ஒவ்வொண்ணா வச்சு எடுக்குத ஃப்ளாட்பெட் போதுமா, ஆல்-இன்-ஒன் பிரிண்டரே எடுத்துக்கிடவா? தமிழில் தேடினா கிடைக்கணும்.

வண்ணார்பேட்டை_லென்ஸ்:

மெஷினைப் பார்க்கறதுக்கு முன்னாடி காகிதத்தைப் பிரிங்க. ஆயிரம் தனித்தாள்னு மலைக்க வேண்டாம், அதில் நிறைய கழிஞ்சிடும். கம்ப்யூட்டர் பட்டா, புலப்படம் ரெண்டும் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ தளத்தில் புதுசாவே இறக்கிக்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத்துறைத் தளத்தில் வந்துடும். பேங்க் ஸ்டேட்மென்ட், பாலிசிப் பத்திரமெல்லாம் அவங்க தளத்திலேயே பிடிஎஃப்-ஆ கிடைக்கும், அது ஸ்கேனைவிடத் தெளிவு. திரும்பக் கிடைக்காதது எதுன்னு பார்த்தா பத்திரக் கட்டு, கையால் எழுதின ரசீது, பழைய பென்ஷன் ஆர்டர், போட்டோ. ஸ்கேனர் இதுகளுக்குத்தான்.

அதனால் ஏடிஎஃப் உங்களுக்கு முதல் தேவை இல்லை. பத்திரத்தை அதில் விடவே கூடாது. உள்ளே இழுக்கும் ரோலரும், ஒரு தாளுக்கு மேல் போகாமத் தடுக்கும் ரோலரும் எதிரெதிரா உரசும். மடிப்பு விழுந்து நைஞ்ச தாள் அந்த இடத்தில் கிழியும். ஸ்டேப்ளர் பின் ஒண்ணு தப்பிப் போனாலும் கண்ணாடியில் கீறல் விழுந்து, அதுக்கப்புறம் எடுக்கற ஒவ்வொரு பக்கத்திலும் நெட்டுக்கு ஒரு கோடு வரும். ரெண்டு பக்கமும் ஒரே ஓட்டத்தில் எடுக்கற நல்ல ஏடிஎஃப் உங்க பட்ஜெட்டையும் தாண்டும். ஸ்கேன்ஸ்னாப் ஐஎக்ஸ்1600 மாதிரி மாடல் 50 தாள் வச்சா நிமிஷத்துக்கு 40 தாள் தள்ளும், நல்ல மெஷின்தான். ஆனா அது பெரும்பாலும் அவங்க மென்பொருளை நம்பித்தான் ஓடும். 

ஃப்ளாட்பெட்டே எடுங்க. கேனன் லைடு 300 போதும். யூஎஸ்பி கேபிளிலேயே கரன்ட் எடுத்துக்கும், தனி அடாப்டர் இல்லை. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தா மின்தடையிலும் ஓடும். லைடு 400-ல் 4800 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 4800 புள்ளின்னு போட்டிருக்கும். காகிதத்துக்குத் தேவை 300, அந்த எண்ணுக்காகக் கூடக் காசு கொடுக்காதீங்க.

ரெண்டு குறை இருக்கு. ஒண்ணு, இது சிஐஎஸ் வகை, சென்சார் கண்ணாடிக்குக் கிட்டவே ஓடும். தாள் கண்ணாடியோட ஒட்டி இருந்தாத்தான் தெளிவு, ஓரிரு மில்லிமீட்டர் எழும்பினாலே மங்கிடும். தையல் ஓரத்திலும் மடிப்பிலும் இதுதான் நடக்கும். உள்ளே கண்ணாடியும் லென்ஸும் வழியாப் படமெடுக்கற சிசிடி வகை இதைத் தாங்கும், ஆனா கனம், விலை ரெண்டும் கூட.

ரெண்டாவது, கண்ணாடி ஏ4 நீளம்தான், அதாவது 11.7 அங்குலம். லீகல் தாள் 14 அங்குலம். முத்திரைத்தாளை ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க, வெளியே நீட்டும். மேல்பாதியை எடுத்துட்டு, தாளைத் தலைகீழாத் திருப்பிக் கீழ்ப்பாதியை எடுங்க. கண்ணாடியைச் சுத்தி இருக்கற சட்டத்தின் மேல் ஏறுற இடத்தில் தாள் தூக்கி, கடைசி ஒரு அங்குலம் மங்கலா வரும். அந்த வரிகள் அடுத்த பாதியில் தெளிவா விழுந்திருக்கான்னு பாருங்க. ரெண்டையும் ஒட்டி ஒரே படமாக்கணும்னு மெனக்கெட வேண்டாம், அடுத்தடுத்த பக்கமா வச்சாப் போதும். ஒட்டுறப்ப ஒரு வரி விழுங்கப்பட்டா யாருக்கும் தெரியாது.

கழிச்சது போக மிஞ்சின தனித்தாளை, ஏடிஎஃப் உள்ள நகல் கடையில் பென் டிரைவில் வாங்கிக்கலாம். திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் அதுக்குப் பஞ்சமில்லை. பக்கத்திலேயே நின்னு, கடைக் கம்ப்யூட்டரில் இருக்கற பிரதியை அழிச்சிட்டு வாங்க.

ஆல்-இன்-ஒன் பத்தி: பிரிண்ட் தேவையும் இருந்தா சரி. ஸ்கேனுக்காக மட்டும்னா வேண்டாம். சில மாடலில் இங்க் பிரச்சனைன்னு விளக்கு எரிஞ்சா ஸ்கேனும் நின்னுடும்.

கல்லிடை_கட்டு:

லென்ஸ் அண்ணாச்சி சொன்னது சரிதான், ஆனா தைச்ச பத்திரத்துக்கு ஃப்ளாட்பெட்டே வேண்டாம்னு சொல்லுதேன். கட்டைக் குப்புறப் போட்டு மூடியை அமுக்கினா தையல் ஓட்டை கிழியும். நூலை அறுத்துத் தனித்தனியா எடுத்துரலாம்னு மட்டும் நினைச்சிராதிய. பதிவான பத்திரத்தில் பக்கத்துக்குப் பக்கம் எண்ணும் சீலும் இருக்கு. பிரிச்சுக் கட்டினதைப் பார்த்தா நாளைக்கு வாங்க வாரவன் ‘நடுவுல தாள் மாத்தினியளா?’ன்னு கேப்பான்.

கட்டுக்குப் போன்தான் லாயக்கு. 12 மெகாபிக்சல் கேமராவில் படம் 4000-க்கு 3000 புள்ளி. 14 அங்குலத் தாள் பிரேம் நிறைய நின்னா அங்குலத்துக்கு 285 புள்ளி கிடைக்கும், வாசிக்க அது தாராளம். ஒரு பக்கம் முழுசும் ஒரே படத்துல அடங்கவும் செய்யும். கையில பிடிக்காதிய, ஸ்டாண்ட் போட்டுப் போனை நேர் கீழ பாக்க வைங்க. காலம்பற 8 மணியில இருந்து 10 மணிக்குள்ள, வீட்டு முன்பக்கத் தார்சாவுல நேர் வெயில் விழாத இடம் நல்லது. விளக்குன்னா ரெண்டு வேணும், இடமும் வலமும் 45 டிகிரி சாச்சு.

பின்பக்கத்து எழுத்தும் சீலும் முன்பக்கம் தெரியுதுல்லா, அதுக்கு எடுக்குத தாளுக்கு அடியில கறுப்புச் சார்ட் ஒண்ணைச் சொருகுங்க. வெள்ளைத்தாள் வச்சாத்தான் பின் எழுத்து துருத்தும், கறுப்புல அமுங்கிரும். ஸ்கேன் ஆப்புல தானா ஒரு ஃபில்டர் போட்டு வெள்ளையாக்கும் பாருங்க, அதை மொதல்ல அணைங்க. மங்கின ஊதா சீலு, பென்சில்ல எழுதின குறிப்பு எல்லாத்தையும் அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சிரும். முத்திரைத்தாள்ல எழும்பி நிக்குத முத்திரை விழணும்னா ஒரு விளக்கை அணைச்சு, இன்னொண்ணைத் தாழ வச்சுக் கூட ஒரு படம் எடுங்க. நிழல் விழுந்தாத்தான் அது தெரியும்.

மடிப்பை நீவ இஸ்திரிப்பெட்டியைத் தொடாதிய. ரெண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவுல வச்சு மேல கனமான புஸ்தகம் ஏத்தி ரெண்டு மூணு நாள் விடுங்க. கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே கூடாது, பசை மஞ்சளாகி எழுத்தையும் கூட்டிட்டுப் போயிரும். இராமபாணப் பூச்சி அரிச்ச தாளைத் தூக்கும்போது அடியில ஒரு அட்டையைக் கொடுத்துத் தூக்குங்க.

காலமும் பாக்கணும். ஐப்பசி, கார்த்திகையில காகிதம் நமுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டும், சுருளும். தென்காசிப் பக்கம்னா ஆனி, ஆடிச் சாரல்லயும் அப்படித்தான். பங்குனியில உக்காந்தா தாள் மொறுமொறுன்னு பிரியும்.

பாளை_கோப்பு:

மெஷினைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள். கோப்புப் பக்கம் கவனிக்க வேண்டியவை சில.

300 டிபிஐ, வண்ணம். கறுப்பு-வெள்ளை வேண்டாம். ஏ4 பக்கம் 300-ல் 2480-க்கு 3508 புள்ளி. சுருக்காமல் வைத்தால் வண்ணத்தில் 26 எம்பி, ஜேபெக் ஆனதும் சுமார் 1 எம்பி. 600 போட்டால் நான்கு மடங்கு, வாசிப்பில் பெரிய லாபம் இல்லை. 1,500 பக்கம் என்றாலும் 1.5 ஜிபி சுற்றித்தான் வரும். டிஜிலாக்கரில் ஏற்றுவதானால் மொத்தம் 1 ஜிபி, ஒரு கோப்பு 10 எம்பி-க்குள் என்ற வரம்பு உண்டு. நீளமான பாகப்பிரிவினையை இரண்டாகப் பிரிக்க வேண்டிவரும்.

நகல் கடையில் எடுக்கும்போது ‘காம்பாக்ட் பிடிஎஃப்’, ‘ஹை கம்ப்ரஷன்’ என்று இருப்பதை அணைக்கச் சொல்லுங்கள். 2013-ல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில அலுவலக இயந்திரங்கள் ஸ்கேனில் எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டு வெளியிட்டார். 6 இருந்த இடத்தில் 8. காரணம் ஜேபிக்2 என்ற சுருக்கமுறை: ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளை ஒரே வடிவமாக எண்ணி, ஒன்றின் படத்தையே மற்ற இடங்களிலும் பதித்துவிடும். மங்கலாக இருந்தால் சந்தேகமாவது வரும். இது பளிச்சென்று தப்பாக நிற்கும். சர்வே எண்ணிலும் சென்ட் கணக்கிலும் அப்படி ஆனால் என்ன ஆகும்! அந்த நிறுவனம் பிறகு திருத்தம் வெளியிட்டது. ஆனாலும் கடை இயந்திரத்தில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது.

தமிழ்த் தேடலுக்கு நாப்ஸ்2 என்ற இலவச மென்பொருள் போதும். ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தை அறிதல்) மொழியில் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் இறக்கித் தேர்வு செய்யுங்கள். உள்ளே எழுத்தை அறிவது டெசராக்ட் என்ற நிரல், அதற்கும் 300 டிபிஐ வேண்டும். அச்சடித்த தாளுக்கு நன்றாக வரும். கையெழுத்துப் பத்திரத்தில் எதிர்பார்க்காதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சிலும் தடுமாறும், பழைய ணா, றா, னா, லை, ளை வடிவங்கள் அதற்குப் பழக்கமில்லை.

ஆகவே பத்திரங்களுக்குக் கோப்புப் பெயர்தான் தேடல். ஆண்டு-மாதம்-தேதி, பத்திர வகை, ஆவண எண், சர்வே எண், ஊர் என்ற வரிசையில் வைத்தால் தானே கால வரிசையில் நிற்கும்: ‘1964-08-21_கிரையம்_ஆவணம்-812_சர்வே-112-4_கல்லிடை’. சர்வே எண்ணில் வரும் சாய்கோட்டை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது, சிறு கோடு போடுங்கள். பெயர் நீளவும் கூடாது. விண்டோஸில் பாதை முழுதுக்கும் வழக்கமான வரம்பு 260 குறிகள், ‘கிரையம்’ கண்ணுக்கு நாலு எழுத்து, உயிர்க்குறியும் புள்ளியும் தனியாக எண்ணப்படுவதால் கணக்கில் ஏழு.

செங்கோட்டை திருவிதாங்கூரிலும், 1949 முதல் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் அந்தப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக்கணக்கு) இருக்கும். ஆவணி தொடக்கத்திலிருந்து டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825-ஐயும் கூட்டுங்கள். கொல்லம் 1115 என்றால் 1939 ஆகஸ்ட் நடுவில் தொடங்கிய ஆண்டு. கோப்புப் பெயரில் ஆங்கில ஆண்டும் உள்ளே கொல்லம் ஆண்டும் இருந்தால் பின்னால் வருபவர் குழம்புவார். பெயரிலேயே ‘கொல்லம்-1115’ என்றும் சேர்த்துவிடுங்கள்.

பிரதி மூன்று: லேப்டாப், வெளி ஹார்ட் டிஸ்க், ஊருக்கு வெளியே ஒன்று. ஹார்ட் டிஸ்க்கையும் அதே டிரங்குப் பெட்டியில் வைத்தால் பயனில்லை. மூலப்பத்திரத்தைக் கழிக்கும் பேச்சே வேண்டாம். பதிவு, கடன் எதற்குப் போனாலும் மூலத்தைத்தான் கேட்பார்கள்.

அம்பை_ஆத்தங்கரை:

ரொம்ப நன்றி. அப்ப லைடு 300, கட்டுக்குப் போன் ஸ்டாண்ட். இன்னும் ஒண்ணு: ஏடிஎம் சீட்டு, டெபாசிட் ரசீதுன்னு வழவழத்தாள் கொஞ்சம் மங்கிட்டு வருது. லேமினேட் பண்ணிட்டு எடுக்கலாமா? போட்டோவுக்கும் 300 போதுமா?

வண்ணார்பேட்டை_லென்ஸ்:

லேமினேட் பண்ணிடாதீங்க! அது தெர்மல் தாள், சூடு பட்டுத்தான் அதில் எழுத்தே விழுது. லேமினேஷன் மெஷினில் விட்டா மொத்தமும் கறுத்துடும். வேற எதுக்கும் முன்னாடி இதை எடுத்து முடிங்க, காத்திருக்காத காகிதம் இதுதான். பிளாஸ்டிக் கவரிலும் போட வேண்டாம், சில கவர் பட்டே எழுத்து போயிடும். மங்கினதை வண்ணத்தில் எடுத்து, படத் திருத்த மென்பொருளில் நீலச் சேனலை, அதாவது படத்தின் நீல நிறப் பகுதியை மட்டும் தனியாப் பாருங்க. மஞ்சளாத் தேய்ஞ்ச எழுத்து சில நேரம் அதில் தெரியும்.

போட்டோவுக்கு 600, வண்ணம், கறுப்பு-வெள்ளைப் படமானாலும் சரி. ஆல்பத்தில் ஒட்டிக்கிட்டதைப் பிய்க்காம ஆல்பப் பக்கத்தோடயே கண்ணாடியில் வைங்க. ஏற்கெனவே லேமினேட் ஆன அட்டையும் ஃப்ளாட்பெட்டில்தான், போனில் விளக்கு வெளிச்சம் அடிக்கும். கண்ணாடியைத் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைச்சுத் துடைங்க. கண்ணாடி மேல நேரா ஸ்பிரே அடிச்சா ஓரம் வழியா உள்ளே இறங்கிடும், அடிப்பக்கம் படிஞ்ச கறையை வெளியிலிருந்து துடைக்க முடியாது.