கலைச்சொல் வேண்டும்: மருந்தடித்த வீட்டுக்குள் எப்போது போகலாம்?

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், கோவை

குழுவினருக்கு வணக்கம்.

வீடுகளுக்குப் பூச்சி மருந்தடிக்கும் சிறு நிறுவனங்கள் சில சேர்ந்து, வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் கையில் கொடுக்க ஒரு பக்க அட்டை கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. கரையான், கரப்பான், மூட்டைப்பூச்சி, எலி எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. 'ரீ-என்ட்ரி பீரியட்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மருந்தடித்த பிறகு ஆட்களும் நாய் பூனையும் அந்த அறைக்குள் போகாமல் இருக்க வேண்டிய நேரம் அது.

'மறுநுழைவு நேரம்' என்று போட்டால் அட்டையில் 'மறுநுழைவு நேரம்: 4 மணி' என்று வரும். நாலு மணி நேரம் கழித்தா, சாயங்காலம் நாலு மணிக்கா? பகல் இரண்டு மணிக்கு மருந்தடித்த வீட்டில் இரண்டாவது மாதிரி படித்தால் இரண்டு மணி நேரம் முன்னதாகவே உள்ளே போய்விடுவார்கள். வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் புரிகிற ஒரு சொல் வேண்டும்.

அனுப்பியவர்: புலவர், கும்பகோணம்

அன்புள்ள மகளுக்கு,

'மறு' வேண்டாம். முதல்முறை நுழைகிறவருக்கும் அந்த மருந்து மருந்துதான். 'நுழை' என்பதில் குறுகிய வழியாகப் போகும் குறிப்பு உண்டு. ஊசித் துளையில் நூல் நுழைகிறது. வீட்டுக்குள் போவதற்குத் தமிழ் 'புகு' என்றே சொல்லும். அழைப்பிதழில் 'புதுமனை புகுவிழா' என்றுதானே அச்சடிக்கிறோம்?

'காலம்' வடசொல் என்று கருதுவோர் இருப்பதால் அதையும் தவிர்ப்போம். தொல்காப்பியர் முதற்பொருளை நிலமும் பொழுதும் என்கிறார். ஆகவே புகாப்பொழுது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். நான்கு மணி நேரப் புகாப்பொழுது என்று எழுதினால் குழப்பமும் இராது.

அனுப்பியவர்: பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில், சென்னை

புலவர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் சொல்லை இன்று காலை எங்கள் பையன்களிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவன் 'புகார்ப் பொழுதா சார்?' என்றான். வாடிக்கையாளர் புகார் கொடுக்கும் நேரம் என்று நினைத்துக்கொண்டான். அப்படியும் ஒரு நேரம் உண்டு, மருந்தடித்த மூன்றாம் நாள் ஒரு கரப்பான் கண்ணில் பட்டதும் போன் வரும்.

எங்களிடம் இதற்குச் சொல் எதுவும் கிடையாது, பேச்சுதான் இருக்கிறது. 'நாலு மணி நேரம் பூட்டி வைங்க, அப்புறம் ஜன்னலைத் திறந்து விட்டு, தரையைத் துடைச்சிட்டுப் புழங்குங்க.' அவ்வளவுதான். ஆனால் 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் எலிமருந்து வைத்த வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்த பிறகு, பேச்சு மட்டும் போதாது என்று ஆகிவிட்டது. எழுத்தில் கொடு, கையெழுத்து வாங்கு என்கிறார்கள். வாங்கவும் வேண்டும். மருந்தின் பெயர், எந்த அறை, எத்தனை மணிக்கு அடித்தது என்று எதையுமே எழுதிக் கொடுக்காமல் பாதி விலைக்கு வேலையை முடித்துப் போகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். வேதியியலோடு பட்டம், மைசூரோ ஹாப்பூரோ ஐதராபாத்தோ போய்ப் பயிற்சி, அப்புறம் உரிமம் என்று விதிப்படி வந்தவன் விலை சொன்னால் 'அவர் எண்ணூறுக்கு வர்றேங்கிறாரே' என்கிறார்கள்.

அனுப்பியவர்: ஆய்வு மாணவர், மதுரை

ஐயா, மறுத்துப் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். தொல்காப்பியக் களவியலில் 'புகாஅக் காலை' என்ற தொடரே இருக்கிறது. ஆனால் அங்கே 'புகா' என்றால் உணவு. தலைவன் சாப்பாட்டு வேளையில் வந்து நிற்பதைச் சொல்வதாகப் பொருள் கொள்வது உண்டு. அந்தக் கணக்கில் 'நான்கு மணி நேரப் புகாப்பொழுது' என்றால் மருந்தடித்த வீட்டில் நான்கு மணி நேர விருந்து!

'காலம்' பற்றியும் ஒரு வார்த்தை. 'காலம் உலகம் உயிரே உடம்பே' என்று தொல்காப்பியரே சொல்லதிகாரத்தில் அடுக்குகிறார். அந்த இடத்தில் உரையாசிரியர் சேனாவரையர் இவை வடசொல் அல்ல என்று வாதிடுகிறார். வடமொழி நன்கு கற்றவர் அவர். அவரே விட்டுக்கொடுக்காத சொல்லை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

அனுப்பியவர்: புலவர், கும்பகோணம்

தம்பி, மகிழ்ச்சி. புகா என்றால் உணவு என்பது எனக்கும் தெரியும். இன்றைக்குச் சோற்றைப் புகா என்று சொல்லும் வீடு ஒன்றைக் காட்டுங்கள், சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். வழக்கிறந்த பொருளுக்கு அஞ்சினால் புதுச்சொல் ஒன்றும் ஆக்க முடியாது.

மேலும் ஒரு நயம் உண்டு. 'புகை' என்பதற்கும் வேர் 'புகு' என்றே கருதுகிறேன். எங்கும் புகுவது புகை. எனவே மூடிய இடத்தில் நச்சு வாயு விட்டுப் பூச்சியைக் கொல்லும் புகையூட்டல், புகாப்பொழுது இரண்டும் ஒரே வேரின் கிளைகள். காவிரி கடலில் புகும் இடம் புகார். தொழில் நண்பரின் பையன் அறியாமலே சரியான குடும்பத்தைத் தொட்டிருக்கிறான்.

அனுப்பியவர்: ஆய்வு மாணவர், மதுரை

முறையீடு என்ற பொருளில் வரும் புகார் உருதுவழி வந்தது ஐயா, பூம்புகார் வேறு. ஒலி ஒத்தால் வேர் ஒத்ததாகிவிடாது. புகைக்குத் தனி இழை தொடங்கலாமா?

அனுப்பியவர்: விவசாயப் போதனாசிரியர், யாழ்ப்பாணம்

அன்பின் நண்பர்களுக்கு,

எங்கடை பக்கம் இதை ஒரு சொல்லாலை சொல்லிற வழக்கம் இல்லை. மருந்து விசிறின தோட்டத்துக்கை ஆக்கள் போகப்படாது எண்டு பலகை நடுவம். இனி எழுத்துத் தமிழுக்கு வருகிறேன்.

'காத்திருப்புக் காலம்' என்று யாரும் முன்மொழிவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன், ஆகவே முன்கூட்டியே மறுக்கிறேன். அது கடைசியாக விசிறியதற்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட நாட்களுக்கு ஏற்கெனவே பாவனையில் உள்ளது. மிளகாய்க்கு மருந்து விசிறிய விவசாயி 'காத்திருப்பு 4' என்று கண்டால் நான்கு நாள் என்றுதான் எடுப்பார். இரண்டும் ஒரே போத்தலின் லேபிளில் வரக்கூடியவை.

இன்னொன்று. நீங்கள் 'பூச்சி' என்று எழுதும் அட்டையில் எலியும் வருகிறது. எலி பூச்சியா? இங்கே 'பீடை' என்கிறோம், சட்டத்திலும் பீடைகொல்லிதான்.

அனுப்பியவர்: பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில், சென்னை

அண்ணே, சென்னையில் ஒருவர் வீட்டு வாசலில் நின்று 'உங்க வீட்டுப் பீடையை ஒழிக்க வந்திருக்கோம்' என்றால் மாமியார் மருமகளைத் திரும்பிப் பார்ப்பார். இங்கே பீடை என்றால் தரித்திரம். எலி பூச்சியில் சேராதுதான், ஆனால் எங்கள் போர்டில் சேர்ந்து பல வருடமாகிறது.

அனுப்பியவர்: பள்ளி ஆசிரியை, திருநெல்வேலி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். விலக்கு நேரம் போதுமே என்று தனி மடலில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், அதனால் பொதுவில் சொல்கிறேன். வேண்டாம். 'வீட்டுக்கு விலக்கு' என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். 'விலக்கு நேரத்தில் யாரும் வீட்டுக்குள் வரக்கூடாது' என்று ஓர் அட்டை அச்சாகி வந்தால் அதைக் கையில் வாங்கவே கூச்சப்படுவார்கள்.

'நுழைவுக் கெடு' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கெடு என்பது அதற்குள் முடிக்க வேண்டியது. பணம் கட்டக் கெடு, காலி செய்யக் கெடு. இங்கே நமக்கு வேண்டியது அது தாண்டும் வரை செய்யக்கூடாதது. அப்படியே தலைகீழ்.

என் ஓட்டு நுழையா நேரம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும்.

அனுப்பியவர்: வேதியியல் பேராசிரியர், தூத்துக்குடி

நண்பர்களே, நீங்கள் எல்லாரும் 'நேரம்', 'காலம்', 'பொழுது' என்று பின்பாதிக்குச் சண்டை போடுகிறீர்கள். பாதி வேலைகளுக்கு அந்தப் பின்பாதியே தவறு என்பது என் கட்சி.

வீட்டுச் சுவர் ஓரம் தெளிக்கும் மருந்துக்கு மணிக்கணக்கு சரி. மருந்து காய வேண்டும், காற்றோட்டம் வேண்டும், லேபிளில் சொன்னபடி இருந்தால் போதும். புகையூட்டல் அப்படி இல்லை. துறைமுகத்தை ஒட்டிய கிடங்குகளில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கிறார்கள். காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் வாயுவை விடுகிறது. 3 கிராம் மாத்திரை ஏறக்குறைய 1 கிராம் வாயு. பூண்டு வாடை வரும் என்பார்கள். அந்த வாடை உடன் இருக்கும் மாசுகளால் வருவது. மூட்டைகள் வாடையை இழுத்துக்கொண்ட பிறகும் வாயு இருக்கலாம், ஆகவே மூக்கை நம்பக்கூடாது. தார்ப்பாயை எடுத்துக் காற்றாட விட்டு, கருவியால் அளந்து, 0.3 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.3 பங்கு) அளவுக்குக் கீழே வந்தால்தான் ஆட்களை விடுவது வழக்கம். புகையூட்டலுக்கான இன்னொரு வாயுவான மெதில் புரோமைடில் 5 பிபிஎம் என்ற கணக்கு. அதற்குச் சொந்த வாடையே கிடையாது. எச்சரிக்கைக்காகக் கொஞ்சம் குளோரோபிக்ரின் சேர்ப்பது உண்டு. ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரீல் உடன்படிக்கைப்படி வளரும் நாடுகளில் 2015-லேயே அதன் பயன்பாடு முடிந்திருக்க வேண்டும், ஆனால் ஏற்றுமதி இறக்குமதித் தனிமைப்படுத்தலுக்கு விலக்கு (மன்னிக்கவும் ஆசிரியை அம்மா, இது வேறு விலக்கு) இருப்பதால் மரம் வரும் இடங்களில் இன்னும் புழங்குகிறது.

இங்கே போய் 'நுழையா நேரம்: 24 மணி' என்று எழுதினால், இருபத்துநாலு மணி ஆனதும் சுமைதூக்குபவர் உள்ளே போவார். மழைநாளில் காற்று ஆடாமல் வாயு தங்கியிருக்கும். கடிகாரத்தைப் பார்ப்பதா, கருவியைப் பார்ப்பதா என்பதுதான் கேள்வி. எனக்குச் சொல் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். தெளிப்புக்கு எது வேண்டுமானாலும் வையுங்கள். புகையூட்டலுக்கு நுழைவு அனுமதி. அளந்தவர் பெயர், அளவு, கையெழுத்து.

அனுப்பியவர்: பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில், சென்னை

பேராசிரியர் அம்மா சொன்னதை அச்சடித்து எங்கள் கிடங்கில் ஒட்டப் போகிறேன். இதை எவ்வளவு சொன்னாலும் ஆட்கள் மூக்கைத்தான் நீட்டுகிறார்கள்.

கிடங்கு வேலை என்றதும் ஞாபகம் வருகிறது. விளைபொருள் கிடங்கில் புகையூட்டலுக்கு இருந்த ஜிஎஸ்டி விலக்கை 2022 ஜூலை 18 முதல் எடுத்துவிட்டார்கள். பதினெட்டு சதவீதம். அதைக் கணக்கில் காட்டாதவன் அந்தப் பதினெட்டையும் விலையில் குறைத்துச் சொல்லி வேலையைப் பிடிக்கிறான். வாயு அளக்கும் கருவிக்கு யார் செலவழிப்பார்? சரி, அது இந்தக் குழுவின் வேலை இல்லை.

அட்டைக்கு என் யோசனை: சொல்லே வேண்டாம். 'மருந்தடித்த நேரம்' என்று ஒரு கட்டம். 'இதற்கு முன் உள்ளே வர வேண்டாம்' என்று இன்னொரு கட்டம், அதில் எங்கள் பையன் கையால் 'இன்று மாலை 6.00' என்று எழுதுவான். கூட்டிக் கழிக்கும் வேலை பாட்டிக்கு எதற்கு?

அனுப்பியவர்: புலவர், கும்பகோணம்

வாக்கியத்தை எழுதிவிட்டுச் சொல்லைக் கைவிடுவது மொழிபெயர்ப்பாகுமா? இன்று அட்டை, நாளை பாடநூல், மறுநாள் அரசாணை. அங்கெல்லாம் 'இதற்கு முன் உள்ளே வர வேண்டாம் என்பதன் மீறல்' என்று எழுதுவீர்களா? பெயர்ச்சொல் இல்லாத கருத்துக்கு விதி எழுத முடியாது. தொழில் நண்பர் மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அட்டைக்கு உதவுவது வேறு, அகராதிக்கு உதவுவது வேறு.

அனுப்பியவர்: விவசாயப் போதனாசிரியர், யாழ்ப்பாணம்

புலவர் ஐயாவின் கடைசிக் கருத்தோடு உடன்படுகிறேன், அவருடைய சொல்லோடு உடன்படவில்லை. பெயர் வேண்டும் என்றால் ஆசிரியை சொன்ன 'நுழையா நேரம்' இருக்கட்டும். தோட்டத்தில் இது நாட்கணக்காகவும் வரும், அப்போது 'நுழையாக் காலம்' என்று மாற்றிக்கொள்ளலாம். சேனாவரையர் அனுமதி தந்துவிட்டாராமே.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், கோவை

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு இரவு ஆகிவிட்டது, கோப்பை அனுப்பியாக வேண்டும்.

அட்டையில் சென்னை நண்பர் சொன்ன இரண்டு கட்டங்கள். பின்பக்கச் சொற்பட்டியலில் 'நுழையா நேரம்'. ஆதரவு நான்கு பேர், அதில் இரண்டு பேர் வேறு வழியில்லை என்று எழுதியிருந்தார்கள். புகையூட்டலுக்குத் தனித் தாள், 'நுழைவு அனுமதி' என்ற தலைப்பில், வாயு அளவு எழுத இடம் விட்டு. 'பூச்சி'யை மாற்றவில்லை, யாழ்ப்பாணத்து ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அனுப்பியவர்: புலவர், கும்பகோணம்

பட்டியலில் 'புகாப்பொழுது' என்பதையும் ஒரு காற்புள்ளிக்குப் பின் சேர்க்கலாமே, மகளே. இடம் அதிகம் பிடிக்காது.

அனுப்பியவர்: ஆய்வு மாணவர், மதுரை

சேர்த்தால் அடிக்குறிப்பில் உணவு என்ற பொருளையும் சேர்க்க வேண்டிவரும்.

அனுப்பியவர்: குழு நெறியாளர்

இழையை இத்துடன் மூடுகிறேன். புகு–புகை வேர் விவாதத்துக்கு மதுரை நண்பர் தனி இழை தொடங்கியிருக்கிறார், அங்கே தொடருங்கள். எலிக்கு மருந்து வைக்கும் பூட்டுப் பெட்டிக்கு ஒரு சொல் வேண்டும் என்று சென்னை நண்பர் எனக்கு எழுதியிருக்கிறார். 'எலிப்பெட்டி' என்றால் பொறி என்று நினைத்துக்கொள்கிறார்களாம். அதற்கும் புதிய இழை.