சிட்டி ஐ-டிஎஸ்ஐ: பின்வரிசைப் பிளக்குகளும் சேர்த்து நாற்பது நிமிடமா?

பழைய பானா:
வேறோர் இழையில் "எட்டுப்பொறி" என்னும் நண்பர் எழுதியிருந்ததை நேற்றிரவு படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. தம்முடைய 2006 ஹோண்டா சிட்டி இசட்எக்ஸில், வைப்பரையும் அதன் அடியிலுள்ள தட்டையும் கழற்றாமலேயே, வீட்டு வாசலில் வைத்து எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் நாற்பது நிமிடத்தில் மாற்றிவிட்டாராம். இதற்குப் போய்ப் பட்டறையில் கூலி கொடுப்பவர்கள் சோம்பேறிகளாம். அந்த இழை டயரைப் பற்றியது என்பதால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன்.

வண்டியை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டுக்கு வந்த அந்த 1.5 லிட்டர் ஐ-டிஎஸ்ஐ என்ஜினில் நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு வால்வு, இரண்டு பிளக். ஆக மொத்தம் எட்டுப் பிளக், அவற்றின் தலையில் மாட்டி உயர் மின்னழுத்தம் கொடுக்கும் எட்டுக் காயில். பானெட்டைத் தூக்கியதும் முன்வரிசை நான்கும் கண்ணெதிரே நிற்கும். பள்ளிக்கூடப் பையன்கூடக் கழற்றிவிடுவான். பின்வரிசை நான்கும் முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் தட்டின் அடியில் பதுங்கியிருக்கும். அவற்றைத் தொட வேண்டுமானால் வைப்பர் கைகள், மேலிருக்கும் பிளாஸ்டிக் மூடி, வைப்பர் மோட்டார், அதன் கீழுள்ள இரும்புத் தட்டு என்று வரிசையாகக் கழற்றியாக வேண்டும். முதல் முறை எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. இப்போது கை பழகிவிட்டது, இருந்தும் இரண்டரை மணி நேரம் ஆகிறது. நாற்பது நிமிடம் என்பதை எந்தக் கடிகாரத்தில் பார்த்தார் என்று அறிய விரும்புகிறேன்.

எட்டுப்பொறி:
என் பெயரைச் சொல்லித் தனி இழையே திறந்த பெருமைக்கு நன்றி. நான் எழுதியது உண்மை. பிளாஸ்டிக் மூடியின் கிளிப்புகளை எடுத்து அதன் விளிம்பை மட்டும் தூக்கிக்கொண்டேன். இரும்புத் தட்டின் மேல் என் கை படவில்லை. சாக்கெட்டை நீட்டிக்கும் கம்பியான எக்ஸ்டென்ஷனை நீளமாக ஒரே துண்டாக உள்ளே விட முயல்பவர்களுக்குத்தான் தட்டு இடிக்கும். சாக்கெட்டை முதலில் குழிக்குள் இறக்கி, பிறகு சிறிய எக்ஸ்டென்ஷனை உள்ளேயே அதன் தலையில் பொருத்தி, அதற்கு மேல் வளையும் மூட்டு ஒன்றை வைத்துத் திருகினால் வேலை முடிந்தது. சிலருக்கு விரல் தடிமனாக இருப்பதற்கு நான் பொறுப்பாக முடியாது. ஒரு ஞாயிறு முழுவதும் ஆனது என்றால் நடுவில் எத்தனை தேநீர் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

மழைக்காலம்:
இருவரிடமும் ஒரு கேள்வி. மூடியின் விளிம்பைத் தூக்குவது "கழற்றாமல்" என்பதில் சேருமா, சேராதா? அந்த நாற்பது நிமிடம் பானெட்டைத் திறந்ததிலிருந்தா, முதல் காயிலை உருவியதிலிருந்தா? இதை முதலில் முடிவு செய்துகொண்டால் பேச்சு பாதியாகக் குறையும்.

பழைய பானா:
விரல் தடிமன் என்று எழுதிய வாய்க்குப் பிறகு வருகிறேன். சாக்கெட்டை இறக்குவது இருக்கட்டும், காயில் எப்படி வெளியே வந்தது? காயில் என்பது மேலே ஒரு தலையும் கீழே நீண்ட ரப்பர்க் காலுமாக இருக்கும் பொருள். அதன் பத்து மில்லிமீட்டர் போல்ட்டைக் கழற்றிவிட்டு நேராக மேலே உருவ வேண்டும். என் வண்டியில் நடு இரண்டு சிலிண்டர்களின் பின்காயில்கள் பாதி வந்ததும் இரும்புத் தட்டின் உதட்டில் முட்டி நின்றுவிடும். வளைத்து இழுத்தால் ரப்பர் கிழியும். கிழிந்த ரப்பரோடு பொருத்தினால் மின்சாரம் பக்கவாட்டில் பாய்ந்து, பெட்ரோல் சரியாகப் பற்றாமல் மிஸ்ஃபயர் ஆகும்.

இன்னொன்று. என்ஜின் அலுமினியம். சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டின் மரையும் சேர்ந்து வந்துவிடும், ஆகையால் ஆற விட வேண்டும். ஆறவே நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். பின்பக்கக் குழிகளைச் சுற்றி மழையில் இறங்கிய மண்ணும் வேப்பஞ்சருகும் சேர்ந்து கிடக்கும். பிளக்கை எடுக்கும் முன் காற்றடித்து அதை ஊதித் தள்ளாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். நான் ஒவ்வொரு குழியையும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே சாக்கெட்டை இறக்குவேன். புதுப் பிளக்கைப் பொருத்தும்போது அதன் பீங்கான் தலையில் ஒரு சாண் ரப்பர்க் குழாயை மாட்டி, குழாயின் மறுமுனையை இரண்டு விரலால் உருட்டி முதல் நான்கு சுற்றை ஏற்றுவேன். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் தானாக வழுக்கிக்கொள்ளும், சாக்கெட் வழுக்காது. இப்படி எட்டுக்கும் செய்தால் எத்தனை நிமிடம் ஆகும் என்று அவரே கூட்டிப் பார்க்கட்டும்.

தென்காசி77:
நான் நான்கு ஆண்டுகளாக இதே வண்டியை ஓட்டுகிறேன். எங்கள் ஊர் மெக்கானிக் இரண்டு முறை பிளக் மாற்றினார். முன்வரிசை நான்கை மட்டுமே மாற்றினார். பின்னால் இருப்பவை வெறும் உபரி, முன்னது அடங்கிப்போனால் உதவுவதற்காக வைத்தவை என்று விளக்கினார். வண்டி நன்றாகவே ஓடுகிறது. இல்லாத வேலைக்கு நீங்கள் இருவரும் நிமிடக் கணக்குப் பார்த்துச் சண்டை போடுகிறீர்கள்.

லேத்துக்காரர்:
தென்காசி நண்பரே, அவை உபரி அல்ல. இரட்டைப் பிளக் வைத்த பல்சர் டிடிஎஸ்-ஐ பைக்கை ஓட்டியவர்களுக்கு இது புதிதும் அல்ல. இரண்டு இடத்தில் தீப் பிடித்தால் எரிதல் அறை முழுவதும் விரைவாகப் பரவும், எரியாமல் தங்கும் பெட்ரோல் குறையும். என்ஜினின் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப இரண்டு பிளக்குகளையும் சிறு கால இடைவெளி விட்டோ ஒன்றாகவோ கணினி பொறி விட வைக்கிறது. டிஎஸ்ஐ, அதாவது டூயல் அண்ட் சீக்வென்ஷியல் இக்னிஷன் (இரட்டையாகவும் அடுத்தடுத்தும் பொறி விடுதல்) என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. பின்னால் உள்ளதை மாற்றாமல் விட்டால் வண்டி நிற்காது, அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் முனை தேயத் தேய இடைவெளி அகலும், அதைத் தாண்டக் காயிலுக்கு அதிக அழுத்தம் தேவைப்படும், கடைசியில் காயில் போகும். ஒரு காயிலின் விலையில் நான்கு பிளக்குகளை வாங்கிவிடலாம். எட்டுக்கு ரசீது போட்டு நான்கை மட்டும் மாற்றிய கதைகளையும் நான் நிறையவே கேட்டிருக்கிறேன்.

அவசரத்தில் மரை போன ஹெட்டுகள் என் பட்டறைக்கு வரும். துளையைப் பெரிதாக்கி, புது மரையாக நிற்கும் ஹெலிகாயில் என்னும் கம்பிச் சுருளைப் போட்டுக் கொடுப்போம். வருகிறவர்கள் எல்லோருமே "சும்மா ஐந்து நிமிட வேலை" என்று தொடங்கியவர்கள்தாம். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

எட்டுப்பொறி:
யாரையும் குறிப்பிடாமலேயே குறி பார்த்து எறியும் கலையில் லேத்துக்காரர் தேர்ந்தவர். என் ஹெட்டின் மரை பத்திரமாக இருக்கிறது, ஏனென்றால் நான் மரை இறுகிச் சிக்கிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையைத் தொட்டு வைத்துத்தான் ஏற்றினேன். அதைச் சொன்னது நான் அல்ல. மரையில் அந்தப் பசையைச் சிறிதளவு தடவி, கையால் ஏற்றி, பிறகு 18 நியூட்டன் மீட்டரில் முறுக்கச் சொல்லி ஹோண்டாவின் சர்வீஸ் கையேடுகளிலேயே இருக்கிறது. ஞாயிறு முழுவதும் வேலை பார்த்தவருக்குக் கையேட்டைப் புரட்ட நேரம் கிடைத்திருக்காது. திரும்பவும் சொல்கிறேன், நாற்பது நிமிடம்.

பழைய பானா:
வாருங்கள், எதிர்பார்த்த இடத்துக்கே வந்துவிட்டீர்கள். பிளக்கைச் செய்யும் என்ஜிகே நிறுவனமே தன் பிளக்குகளுக்கு அந்தப் பசை வேண்டாம் என்கிறது. உடலில் ஏற்கெனவே உலோகப் பூச்சு இருக்கிறது, பசை போட்டால் உராய்வு குறைந்து, ரெஞ்சில் அதே எண் காட்டினாலும் இருபது விழுக்காடு வரை கூடுதலாக இறுகிவிடும், மரை முறியவும் பிளக்கின் உடல் நீளவும் வாய்ப்புண்டு என்பது அவர்களின் விளக்கம். இன்று பிளக் செய்கிறவன் சொல்வதைக் கேட்பதா, பழைய கையேட்டைக் கேட்பதா? சென்ற ஆண்டு என்ஜின் ஆயில் இழையில், கெட்டியான ஆயில்தான் நல்லது என்று பதினேழு பதிவு எழுதிவிட்டுக் கடைசியில் மௌனமாகப் போனவர் இவரேதான் என்பதைப் புதியவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

அது போகட்டும். அந்த வளையும் மூட்டை நடுவில் வைத்து, கண்ணுக்குத் தெரியாத குழியில், 18 நியூட்டன் மீட்டரை எப்படி அளந்தீர்கள்? மூட்டு சாய்ந்து நின்றால் ரெஞ்ச் காட்டும் எண் வேறு, பிளக்கில் விழும் முறுக்கு வேறு.

எட்டுப்பொறி:
ஆயில் இழையில் நான் மௌனமாகவில்லை. என் அக்காள் மகள் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு இழையிலும் அதை இழுத்து வருவது உங்களுக்கே சலிக்கவில்லையா? பின்வரிசைக்கு நான் முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் பிடிக்கவில்லை. விரலால் முழுவதும் ஏற்றிய பிறகு அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு வரை திருப்பினால் போதும் என்று நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் அதே என்ஜிகே பெட்டியில் படம் போட்டிருக்கிறது. பெட்டியைத் தூக்கி எறியும் முன் அதையும் ஒருமுறை பாருங்கள்.

லேத்துக்காரர்:
அந்த அரைச் சுற்றுக் கணக்கு, வாஷர் நசுங்காத புதுப் பிளக்குக்கு, பசை போடாத மரைக்கு. பசையும் போட்டு அரைச் சுற்றும் போட்டேன் என்று சொல்லாதீர்கள்.

தென்காசி77:
என் மெக்கானிக்கைத் திருடன் என்று மறைமுகமாக எழுதியது எனக்கு வருத்தம் தருகிறது. அவரிடமே நேரில் கேட்டேன். பின்னால் உள்ளதையும் மாற்றியதாக இப்போது சொல்கிறார். எட்டுக்கும் பணம் வாங்கியிருப்பதால் மாற்றித்தான் இருப்பார். முன்பு நான்தான் தவறாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஆனாலும் அவை உபரி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பழைய பானா:
தென்காசி நண்பரே, வைப்பர் கைகளின் அடியிலுள்ள நட்டுகளில் பானா பட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். துருப் பிடித்து முழுதாக இருந்தால் உங்கள் மெக்கானிக் அந்தப் பக்கமே போகவில்லை என்று பொருள்.

தென்காசி77:
துரு இருக்கிறது. ஆனால் அவர்தான் எட்டுப்பொறி நண்பரைப் போல வைப்பரைக் கழற்றாமலே மாற்றுகிறவராக இருக்கலாமே!

எட்டுப்பொறி:
பார்த்தீர்களா, ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள்.

மழைக்காலம்:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. நாற்பது நிமிடத்தின் தொடக்கம் எது?

பழைய பானா:
தொடக்கம் எதுவாகவும் இருக்கட்டும், முடிவுதான் எனக்கு வேண்டும். நடு சிலிண்டரின் பின்காயில் தட்டின் உதட்டைத் தாண்டி வெளியே வரும் அந்த ஒரு கணத்தைப் படமெடுத்துப் போடுங்கள் என்று கேட்டால், இவர் விரல் தடிமனையும் அக்காள் மகள் கல்யாணத்தையும் பேசுகிறார். என் வண்டியில் முட்டும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், நாளைக் காலை ஏற்றுகிறேன். ரப்பர் கிழிந்த ஒரு பழைய காயிலும் பரணில் கிடக்கிறது. அதையும் சேர்த்துப் போடுகிறேன்.

எட்டுப்பொறி:
உங்கள் காயில் முட்டுகிறது என்பதற்கு என் காயில் என்ன செய்யும்? அடுத்த பிளக் மாற்ற இன்னும் இருபதாயிரம் கிலோமீட்டர் இருக்கிறது. அப்போது பக்கத்தில் கடிகாரத்தை வைத்துக்கொண்டே காணொளி எடுக்கிறேன், அதுவரை பொறுங்கள்.

பழைய பானா:
இருபதாயிரம் கிலோமீட்டர்! படத்துக்குப் பிளக்கை மாற்ற வேண்டியதில்லை ஐயா. ஒரு போல்ட், ஒரு காயில், கழற்றித் திரும்ப மாட்டினால் போதும். உங்கள் கணக்குப்படி ஐந்து நிமிடம்.