வெள்ளை பாஸ்பரஸ்: புகைக்குண்டா, எரிகுண்டா?

வெண்ணாரை கேட்டது:

ஈராக்கின் ஃபலூஜாவில் அமெரிக்கப் படையும் (2004) காசாவில் இஸ்ரேல் படையும் (2009) வெள்ளை பாஸ்பரஸ் குண்டு அடித்ததைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "தடைசெய்யப்பட்ட ஆயுதம்" என்று ஒரு தரப்பும் "அது வெறும் புகைக்குண்டு, சட்டம் அனுமதிக்கிறது" என்று இன்னொரு தரப்பும் அடித்துச் சொல்கிறார்கள். 1980 மரபு ஆயுத உடன்படிக்கையில் எரிகுண்டுகளைக் கட்டுப்படுத்தும் மூன்றாம் நெறிமுறையை வாசித்தால் இரண்டும் அரைகுறை என்று தோன்றுகிறது. ஊருக்குள் நடக்கும் சண்டையில் இதைப் பயன்படுத்துவது எந்த இடத்தில் குற்றமாகிறது? விமானத்திலிருந்து போட்டால் ஒரு சட்டம், பீரங்கியால் அடித்தால் இன்னொரு சட்டம் என்பது ஏன்?

நெடுங்கரை:

முதலில் வரையறை. பொருள்களுக்குத் தீ வைக்கவோ மனிதருக்குத் தீக்காயம் உண்டாக்கவோ "முதன்மையாக வடிவமைக்கப்பட்ட" ஆயுதம்தான் எரிகுண்டு. வெளிச்சக்குண்டு, புகைக்குண்டு போல, தீ தற்செயலான பக்கவிளைவாக வருபவற்றை அதே உறுப்பு வெளியே வைத்துவிடுகிறது. சிக்கல் முழுவதும் இங்கேதான். ஆயுதம் என்ன செய்கிறது என்று சட்டம் கேட்கவில்லை, எதற்காகச் செய்யப்பட்டது என்று கேட்கிறது. புகைக்காக என்று உற்பத்தி செய்த குண்டை எதிரியின் பதுங்குகுழி மேல் வேண்டுமென்றே அடித்தாலும், எழுத்துப்படி அது எரிகுண்டு ஆகாது என்று வாதிட முடிகிறது.

இரண்டாவது உறுப்பில், மக்கள் செறிந்த இடத்திலுள்ள ராணுவ இலக்கை விமானத்திலிருந்து எரிகுண்டால் தாக்குவது எந்தச் சூழலிலும் கூடாது. தரையிலிருந்து அடித்தால், இலக்கு மக்களிடமிருந்து தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டும், தீ பரவாமலிருக்க இயன்ற முன்னெச்சரிக்கை அனைத்தும் எடுத்திருக்க வேண்டும் என்ற விதிவிலக்கு உண்டு. இந்த வேறுபாடு டோக்கியோ, வியட்நாம் நினைவில் பிறந்தது. 1980இல் பேச்சுவார்த்தைக்கு வந்தவர்களின் கண்முன் நின்றது விமானம் கொட்டிய நாப்பாம் (ஒட்டிக்கொண்டு எரியும் எரிபொருள் கூழ்) தான். எரியும் தோலுக்கு அது எங்கிருந்து வந்தது என்பதில் வேறுபாடு கிடையாது.

ஃபலூஜாவில் இன்னொரு முடிச்சும் உண்டு. அமெரிக்கா மூன்றாம் நெறிமுறையை ஏற்றது 2009 ஜனவரியில்தான், 2004இல் அது அமெரிக்காவைக் கட்டுப்படுத்தவில்லை. இஸ்ரேல் இன்றுவரை அதில் சேரவில்லை.

உப்பளம்:

சட்டத்தோடு குண்டின் அமைப்பையும் பார்க்க வேண்டும். காசாவில் அடிக்கப்பட்டது எம்825ஏ1 என்ற 155 மி.மீ. பீரங்கிக் குண்டு. உள்ளே பாஸ்பரஸில் ஊறிய 116 கம்பளித் துண்டுகள். வானில் வெடித்து, வெடிக்கும் உயரத்தைப் பொறுத்து 125 முதல் 250 மீட்டர் விட்டத்துக்கு அவற்றைச் சிதறடிக்கும். திறந்த வெளியில் படையை மறைக்க இது நல்ல புகைத்திரை. நெருக்கமான தெருவிலோ அந்த வட்டத்துக்குள் எத்தனை கூரை, எத்தனை முற்றம்? எந்தத் துண்டு எந்த வீட்டில் விழும் என்பது அடிப்பவர் கையில் இல்லை. 2009 ஜனவரி 15 அன்று காசா நகரில் ஐ.நா. அகதிகள் நிவாரண முகமையின் வளாகத்தில் கிடங்கு பற்றி எரிந்தபோது, நூற்றுக்கணக்கானோர் அங்கே தஞ்சம் புகுந்திருந்தார்கள்.

விழுந்த துண்டு மண்ணில் புதைந்தால் அணைந்ததுபோல் கிடக்கும். காற்றுப் பட்டால் மறுபடி பற்றும். பல நாள் கழித்துக் காலால் தட்டியதும் புகைந்தவை உண்டு. காயத்திலும் இதே கதைதான், கட்டைப் பிரித்ததும் உள்ளிருக்கும் துகள் மீண்டும் எரியும். எனவே ஈரத்துணியால் மூடியே வைத்து, துகள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் போட வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு தடவவே கூடாது, பாஸ்பரஸ் கொழுப்பில் கரைந்து உடலுக்குள் போகும். பழைய கையேடுகளில் காணும் காப்பர் சல்ஃபேட் கழுவலை இப்போது தவிர்க்கிறார்கள், அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சிறிய தீக்காயமாயிருந்தாலும் இதயத் துடிப்பைக் கண்காணிக்க வேண்டும். இரத்தத்தில் கால்சியம் சரிந்து, துடிப்புக் குலைந்து உயிர் போகலாம்.

கல்மதகு:

மறுதரப்பின் வலுவான வாதத்தையும் வைக்கிறேன். அமெரிக்கா நெறிமுறையை ஏற்றபோதே, வேறு ஆயுதத்தைவிட எரிகுண்டால் மக்கள் சேதம் குறையும் என்று மதிப்பிட்டால் மக்கள் செறிந்த இடத்திலும் பயன்படுத்துவோம் என்று தனக்கு ஒரு விலக்கைப் பதிவு செய்துகொண்டது. உயிரியல் ஆயுதக் கிடங்கை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். சாதாரண வெடிகுண்டு கிருமியைக் காற்றில் பரப்பும், கடும் வெப்பம் அங்கேயே கொல்லும். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஃபலூஜாவில் நடந்தது அதுவா? அமெரிக்கப் பீரங்கிப் படையின் இதழே 2005இல் எழுதியது: அகழிகளிலும் பொந்துகளிலும் இருந்தவர்களை வெள்ளை பாஸ்பரஸால் வெளியே துரத்தி, பிறகு வெடிகுண்டால் கொன்றார்கள். அதற்கு முன்பே, இரவில் வெளிச்சம் காட்டவே பயன்படுத்தினோம் என்று அமெரிக்க அரசு சொல்லியிருந்தது, 2005 நவம்பரில் அதைத் திருத்திக்கொண்டது. இங்கே உடன்படிக்கை எழுத்தைத் தாண்டி வழக்காற்றுச் சட்டத்தை (நாடுகளின் நீண்ட நடைமுறையால் உருவான சட்டத்தை) பார்க்க வேண்டும். குறைந்த தீங்கு தரும் ஆயுதத்தால் எதிரியைச் செயலிழக்கச் செய்ய முடியும் என்றால், ஆள் மீது எரிகுண்டு கூடாது என்பது செஞ்சிலுவைச் சங்கத் தொகுப்பின் 85ஆம் விதி. அதில் போராளிகளுக்கும் பாதுகாப்பு உண்டு.

நெடுங்கரை:

ஒரு திருத்தம், இணையத்தில் எல்லாத் தீயையும் பாஸ்பரஸ் என்கிறார்கள். வெள்ளைப் புகைவால்கள் குடைபோல விரிந்து இறங்கினால் பாஸ்பரஸாக இருக்கலாம். புகை அதிகமின்றிப் பொறிகள் மழைபோலக் கொட்டினால் பெரும்பாலும் வண்டியிலிருந்து ஏவப்படும் 9எம்22எஸ் வகை கிராட் ராக்கெட். உக்ரைனில் 2014 முதல் பார்த்தது இது. ஒரு ராக்கெட்டில் மக்னீசியம் கலவையாலான 180 அறுகோணத் துண்டுகள், ஒரு வண்டியில் 40 ராக்கெட். இது எரிப்பதற்கென்றே செய்தது, "முதன்மையாக வடிவமைக்கப்பட்ட" என்ற சொல்லுக்குள் சந்தேகமின்றி வரும். தரையிலிருந்து அடிப்பதால் மட்டும் விதிவிலக்கைத் தேட முடிகிறது. அணைக்கும் முறையும் வேறு: பாஸ்பரஸை ஈரமாக வைக்க வேண்டும், எரியும் மக்னீசியத்தில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வெளிவந்து தீ பாயும், உலர்ந்த மணல்தான் போட வேண்டும்.

வெண்ணாரை:

அப்படியானால் "முதன்மையாக வடிவமைக்கப்பட்ட" என்பதை விளைவை வைத்து மாற்றி எழுதி, விமானம் பீரங்கி வேறுபாட்டை நீக்கினால் இரண்டு ஓட்டையும் அடைபடுமே?

உப்பளம்:

அடைபடும். ஆனால் இந்த உடன்படிக்கை மாநாடுகள் ஒருமித்த கருத்தில் முடிவெடுப்பவை. ஒரு நாடு மறுத்தாலே நின்றுவிடும். 2019இல் மூன்றாம் நெறிமுறையைத் தனித் தலைப்பாக நிகழ்ச்சிநிரலில் வைக்கவே ரஷ்யா ஒப்பவில்லை. அதனால் ஒவ்வொரு நாடும் தன் படையின் பயன்பாட்டு விதியை மாற்றுவதுதான் இப்போதைக்கு நடக்கக்கூடியது. ஊருக்குள் புகைத்திரை வேண்டுமென்றால், பாஸ்பரஸ் இல்லாத புகைக்குண்டு 155 மி.மீ. அளவிலேயே கிடைக்கிறது. அந்தப் புகையும் மூச்சுக்கு நல்லதல்ல, ஆனால் கூரைமேல் 116 தீத்துண்டுகளைப் போடாது.