ஃபென்ட் கிராமத்துக்குப் போய் வந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். செப்டம்பர் நடுவில் ஆஸ்திரியாவின் ஓட்ஸ்டால் பள்ளத்தாக்கில், 1,895 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபென்ட்டில் நான்கு நாள் தங்கப் போகிறோம். நான், மனைவி, பன்னிரண்டு வயது மகன். அவனுக்கு ஓட்ஸிப் பைத்தியம். 1991-இல் பனியிலிருந்து வெளிப்பட்ட அந்த 5,000 ஆண்டுப் பழைய மனிதர் கிடைத்த இடத்தைப் பார்த்தே ஆகவேண்டுமாம். ஆளை இத்தாலியில் போல்சானோ அருங்காட்சியகத்தில்தான் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. சரி, கேள்விக்கு வருகிறேன்.

மலையேறுபவர்கள் தங்கும் மார்ட்டின் புஷ் குடில் வரை (2,501 மீ) நடந்துவிடுவோம். அதற்கு மேல் சிமிலாவுன் குடில், அப்புறம் 3,210 மீட்டரில், ஓட்ஸி கிடைத்த டீசன்யோக் கணவாய். வழிகாட்டி இல்லாமல் சிறுவனோடு போகலாமா? அந்த மாதத்தில் புதுப்பனி விழுமா? போன வருடம் வேறொரு மலையில் மழையில் என் ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. கயிற்றால் கட்டி நொண்டிக்கொண்டே இறங்கினேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

முடியாதென்றால், ஊருக்கு அருகிலேயே கற்கால வேட்டைக்காரர்கள் தங்கிய ஹோலர் ஸ்டைன் பாறையோடு நிறுத்திக்கொள்வோம். இத்தாலிப் பக்கத்து ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கின் ஆட்டு மந்தைகள் கணவாய் கடந்து ஊர் திரும்புவதும் செப்டம்பரில்தானே? நேரில் பார்த்தவர்கள் எந்த வாரம் என்று சொன்னால் அதற்கேற்ப அறை போடுவேன்.