சேர்வராயன் மலைல (நம்ம ஏற்காடு மலைதான்) உங்களுக்கு மறக்காத ஆளு, மறக்காத நிமிஷம்?

மொட்டமாடி: நானே ஆரம்பிக்கிறேன். மே மாசம், சேர்வராயன் கோவில் திருவிழா, கூட்டம் தெரியும்ல. கோவில் குகைக்குள்ள மண்டைய இடிச்சுக்கிட்டு வெளிய வந்தா ஒரு பெரியவர் சொம்புல தண்ணி நீட்டுனாரு. எந்த ஊருங்கய்யான்னேன். "இந்த மலைதானுங்க, மலையாளிங்க." நான் "கேரளாவுல எங்க?"ன்னு கேட்டுத் தொலைச்சேன். கோவிச்சுக்கல. காஞ்சிபுரத்துல இருந்து வந்த அண்ணன் தம்பி மூணு பேரு கதைய சொன்னாரு, பெரியண்ணன் இந்த மலை, நடுவண்ணன் பச்சமலை, சின்னண்ணன் கொல்லிமலைன்னு. பொறந்ததுல இருந்து சேலம் அஸ்தம்பட்டி, மாடில நின்னா தெரியுற மலை, இது கூட தெரியல எனக்கு.

காபிக்கொட்டை: மலையாளிங்கற பேரே மலை ஆளுங்கங்கறதுதான், ஸ்கூல் புக்குல போட்டா என்னவாம். எங்கப்பா எஸ்டேட்ல வேலை. மிளகு ஏறுன சில்வர் ஓக் மரத்துக்கு நடுவுல ஒரு சாயங்காலம் காட்டெருமை, பத்தடி தூரம். அப்பா என் வாயப் பொத்திட்டாரு. அந்தக் கை முழுக்க காபிப்பழ வாசம், அதுதான் ஞாபகம் இருக்கு, எருமை இல்ல.

ரெண்டாவது கியர்: அது காட்டெருமை இல்ல தம்பி, காட்டுமாடு, காலுல வெள்ள சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும். நானும் பனில ஒருதடவ வளைவுல பாத்தேன், அவ்ளோதான். ஆனா பைக்ல போறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு, இறங்கும்போது நியூட்ரல்ல விடாதீங்க, ஏறுன கியர்லயே இறங்கணும், பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா தீய்ஞ்ச நாத்தம் வரும், வந்துச்சுன்னா ஓரங்கட்டி ஆறவிடுங்க, ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க, வளைவுல ஹாரன் அடிங்க, கூட்ட நாள்னா குப்பனூர் வழியா இறங்குங்க, மழைன்னா கிளம்பாமயே இருங்க, 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயல்ல ரோட்டுல மண் சரிஞ்சத பாத்தோம்ல.

மொட்டமாடி: அண்ணே, ஆளப் பத்தி கேட்டேன், நீங்க லைசென்ஸ் டெஸ்ட் வைக்கிறீங்க 😀

சாக்குமூட்டை: 2024 ஏப்ரல், எலக்‌ஷன் டூட்டி, ஏற்காடு தாண்டி ஒரு மலை கிராமம், பேரு வேணாம். மதியம் ஒரு பாட்டி தனியா நடந்து வந்துச்சு. விரல்ல மை வச்சதும் அத சேலைல துடைக்கப் பாத்துச்சு, ஆயா துடைக்காதீங்கன்னோம். ஓட்டுப் போட்டுட்டு கேட்டுச்சு, "இந்த ஆளு எந்தூருக்கு எம்பி சாமி?" கள்ளக்குறிச்சிங்க ஆயான்னேன். நாம இருக்கறது சேலம் ஜில்லா, சட்டமன்றத்துக்கு ஏற்காடு தனித்தொகுதி, பார்லிமெண்டுக்கு மட்டும் கள்ளக்குறிச்சின்னு விளக்குனேன், எனக்கே சிரிப்பு வந்துருச்சு. "அது எந்தப் பக்கம்?"ன்னுச்சு. கிழக்கால கை காட்டுனேன். அந்தப் பக்கம் வெறும் மலை. கொஞ்ச நேரம் பாத்துட்டு முந்தானைல இருந்து அரைச்சீப்பு மலைவாழை எடுத்து டேபிள்ல வச்சுச்சு. பூத்துல வாங்கக்கூடாது ஆயான்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. ஒண்ணும் பேசல, திரும்ப முடிஞ்சுகிட்டு வந்த வழியே நடந்துருச்சு.