அவசரம்: ஸ்க்ரீன் ரீடர் தம்பியின் நோட்ஸை உளறுகிறது

மடிப்பாக்கம்_அக்கா (இரவு 9.12)
தம்பிக்குப் பார்வை இல்லை, திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடரில்தான் படிப்பான். திங்கட்கிழமை செமஸ்டர். கல்லூரி ஆப்பில் ஏற்றிய நோட்ஸை அது படிக்க மாட்டேன் என்கிறது. படிக்கிறது, ஆனால் ஏதோ உளறல். நான் பார்த்தால் சுத்தமான தமிழ்! நான்கு பாடம். நானே வாசித்துக் காட்டலாம் என்றால் எனக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

பழைய_கீபோர்டு (9.20)
'அது' என்றால் எது? போனா, கம்ப்யூட்டரா? போனின் டாக்பேக்கா, கம்ப்யூட்டரின் என்விடிஏவா? ஃபைல் பிடிஎஃபா, வேர்டா? கேள்வி கேட்பது எப்படி என்று மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். மூன்று வருஷமாக ஒட்டியே இருக்கிறது.

பெரம்பூர்_பாலா (9.24)
குரல் ஆங்கிலத்தில் இருக்கும். ஈஸ்பீக் குரல் மென்பொருளில் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுங்கள். எனக்கும் இதேதான், ஒரே நிமிஷத்தில் சரியானது.

ரீஸ்டார்ட்_ரவி (9.31)
ஸ்கேன் செய்த பக்கம். வேறு என்ன? படத்தை எந்த ரீடர் படிக்கும்? படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் போடுங்கள்.

பெரம்பூர்_பாலா (9.33)
ஸ்கேனாக இருந்தால் வாயைத் திறக்காது, உளறாது. குரல்தான்.

மடிப்பாக்கம்_அக்கா (9.50)
லேப்டாப், என்விடிஏ, பிடிஎஃப். பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. தமிழ்க் குரல்தான் இருக்கிறது. வாட்ஸப்பில் வரும் தமிழை அழகாகப் படிக்கிறது. இது மட்டும் ஏபிசிடி மாதிரி.

குச்சி_நடை (10.02)
நானும் பார்வையற்றவன்தான், அதனால் இந்த உளறல் எனக்குப் பழக்கம். அம்புக்குறியால் ஒவ்வொரு எழுத்தாகத் தம்பியை நகரச் சொல்லுங்கள். 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்' என்று அடிக்கடி வருகிறதா?

மடிப்பாக்கம்_அக்கா (10.09)
ஐயோ ஆமாம்!! எப்படி சார் தெரியும்?

குச்சி_நடை (10.21)
பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது அந்த ஐந்தும்தான். தமிழ் நோட்ஸில் அந்த வார்த்தை வராமல் இருக்குமா! எழுத்துரு மேலே போர்த்திய சட்டை மாதிரி. உங்கள் கண்ணுக்குத் தமிழ், என்விடிஏவுக்கு ஆங்கில எழுத்து. அது உளறவில்லை, உள்ளதைத்தான் படிக்கிறது.
பிடிஎஃபில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகல் எடுங்கள். பாமினியை, தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடாக மாற்றும் இலவசப் பக்கங்கள் நெட்டில் நிறைய. அதில் ஒட்டி, வந்ததை வேர்டில் சேமியுங்கள். நடுவில் நிஜமான ஆங்கில வார்த்தை இருந்தால் அதுவும் தமிழாகித் தொலையும், அதை மட்டும் கையால் திருத்தணும். பேராசிரியரிடம் மூல வேர்டு ஃபைலைக் கேட்டுப் பாருங்கள், இன்னும் சுலபம்.

பழைய_கீபோர்டு (10.30)
நான் கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததால்தான் இது பிடிபட்டது. இருக்கட்டும். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டாயிற்று. இன்னும் பாமினியில் அடிக்கிறவர்களை என்ன சொல்ல?

திருவல்லிக்கேணி_டிடிபி (10.44)
என்னைச் சொல்லுங்கள். ஆணை போட்டவர்கள் என் கடையில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளை மாற்றித் தந்தார்களா? 2001-ல் வந்த ஏழாம் பதிப்போடு அது நின்றுபோனது, அதில் தமிழ் யூனிகோட் ஒழுங்காக உட்காராது. வாத்தியார் கையெழுத்தில் தருகிறார், காலையில் பிடிஎஃப் கேட்கிறார். விரல் பழகியதில் அடிக்கிறோம்.

பழைய_கீபோர்டு (10.47)
தமிழ்99 விசைப்பலகை பழக ஒரு வாரம் போதும்.

திருவல்லிக்கேணி_டிடிபி (10.49)
அந்த வாரம் கடை வாடகையை நீங்கள் கட்டுங்கள்.

பெரம்பூர்_பாலா (10.58)
விசைப்பலகை வேறு, எழுத்துரு வேறு. பாமினி விசை வரிசையை வைத்துக்கொண்டே யூனிகோடில் அடிக்க மென்பொருள் இருக்கிறது. விரலை மாற்ற வேண்டியதில்லை அண்ணே.

ரீஸ்டார்ட்_ரவி (11.03)
கல்லூரி நோட்ஸை இப்படி மாற்றுவது பதிப்புரிமைச் சிக்கல் ஆகாதா?

குச்சி_நடை (11.15)
ஆகாது. 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்திலேயே மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு மாற்ற விலக்கு வந்துவிட்டது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே போய், தகவலை எங்களுக்கு எட்டும் வடிவில் தரச் சொல்கிறது. மாற்றும் வேலையே மாணவன் வீட்டில் விழக் கூடாது.

மடிப்பாக்கம்_அக்கா (மறுநாள் காலை 6.40)
ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தேன். மூன்று பாடத்தை அவனே மாற்றிப் படித்துக்கொண்டிருக்கிறான். நன்றி சார். நான்காவதில் எதையுமே தேர்ந்தெடுக்க முடியவில்லை, என்விடிஏவும் பேச மாட்டேன் என்கிறதாம். தூங்கப் போகிறேன்.

ரீஸ்டார்ட்_ரவி (7.05)
ஸ்கேன்! சொன்னேனா இல்லையா?

பழைய_கீபோர்டு (7.30)
தலைப்பில் 'தீர்ந்தது' என்று போடவும்.

குச்சி_நடை (7.41)
எங்கே தீர்ந்தது? நான்காவது பாக்கி இருக்கிறதே. அக்கா, எழுந்ததும் அதைக் கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸாகத் திறக்கச் சொல்லுங்கள். தமிழை ஓரளவு பிடித்துவிடும். ஆனால் 'ர'வையும் துணைக்காலையும் குழப்பும், அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த முடியும். எத்தனை பக்கம் என்று சொன்னால் இங்கே ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொள்ளலாம்.

திருவல்லிக்கேணி_டிடிபி (7.58)
பத்துப் பக்கம் எனக்கு.