'மூலக் கிளையினம்' சரியா?

அன்புள்ள நண்பர்களே,

தமிழ் மறவன் வண்ணத்துப்பூச்சி பற்றிய குறிப்பில் 'மூலக் கிளையினம்' என்றிருப்பதைப் பார்த்தேன். (கிளையினம் என்பது ஓர் இனத்தின் உட்பிரிவு, ஆங்கிலத்தில் subspecies.) பூச்சியை நன்கு அறிந்தவர் எழுதியதுதான். சொல் மட்டும் காலை வாரிவிட்டது.

2019-இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட இதன் அறிவியல் பெயர் சிரோக்ரோவா தாயிஸ். 1787-இல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் இட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பறப்பது சிரோக்ரோவா தாயிஸ் தாயிஸ். இலங்கையில் பறப்பது சிரோக்ரோவா தாயிஸ் லங்கா. முன்னதை 'மூலம்' என்றால் படிப்பவர் என்ன நினைப்பார்? இனம் இங்கே தோன்றிக் கடல் தாண்டிப் போனது என்றுதானே? விலங்குப் பெயரிடல் விதி அப்படி எதையும் சொல்லவில்லை. ஓர் இனத்துக்குள் கிளை பிரித்தால், இனப்பெயருக்கு ஆதாரமான மாதிரி எந்தக் கிளையில் அடங்குகிறதோ, அதற்கு அந்தப் பெயரே மறுபடியும் வந்துவிடும். அவ்வளவுதான். ஃபாப்ரீசியஸ் பெயரிட்டது இலங்கைப் பூச்சிக்கு என்றால், இரட்டைத் தாயிஸ் அங்கே போயிருக்கும். நம் மலைப்பூச்சிக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும்.

தம்பி பிறக்கும்வரை யாரும் அண்ணன் இல்லை. லங்காவைத் தனிக் கிளையாகப் பிரிக்கும்வரை இரண்டாவது தாயிஸுக்கும் வேலை இல்லை. (உவமையில் வயதைக் கணக்கில் எடுக்காதீர்கள், 'மூலம்' செய்கிற தவறே அதுதான்.)

'கிளையினம்' என்பதோடு எனக்குச் சண்டை இல்லை. இனத்துக்குப் பாடநூல் சொல்லும் 'சிற்றினம்' மேல் இன்னொரு சுமை ஏற்றி 'துணைச்சிற்றினம்' என்பதைவிட நன்று. கிளை என்றால் உறவும்தான். கேளும் கிளையும் என்கிறோமே.

என் பரிந்துரை: அடுக்குப்பெயர்க் கிளையினம். அடுக்குத்தொடர் படித்தவருக்கு விளக்கம் வேண்டாம்.

*

வணக்கம் ஐயா,

'மூல'த்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அடுக்கு இங்கே மட்டுமா வருகிறது? செந்நரி வுல்பஸ் வுல்பஸ். அங்கே அடுக்கியிருப்பது பேரினமும் இனமும். கிளையினப் பேச்சே இல்லை. மேற்குத் தாழ்நிலக் கொரில்லாவோ கொரில்லா கொரில்லா கொரில்லா. இதில் எந்த அடுக்கைச் சொல்வது? இனத்தின் பெயரையே தாங்குகிறது என்பதுதான் செய்தி என்றால், 'இனப்பெயர்க் கிளையினம்' என்று நேராகவே சொல்லிவிடலாமே.

*

தம்பி,

கொரில்லாவோடு மல்லுக்கட்ட என்னால் முடியாது. 'இனப்பெயர்க் கிளையினம்' என்றே திருத்திவிடுங்கள். குறிப்பில் 'மூல' இரண்டு இடங்களில் இருக்கிறது. இரண்டாவது, படத்தின் அடியில்.